வெர்மான்ட்டின் இலையுதிர்காலக் கணக்கு: வெள்ளம், வறட்சி, பள்ளி

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் சட்டமன்றம் ஜனவரியில் கூடும். மே அல்லது ஜூனில் கூட்டத்தொடர் முடிந்துவிடும். மாநிலத்தின் மக்கள்தொகை 6.4 லட்சம்தான், ஆனால் கீழவையில் மட்டும் 150 உறுப்பினர்கள். ஏறத்தாழ 4,300 பேருக்கு ஒருவர். அவர்களில் பெரும்பாலோருக்கு அரசியல் முழுநேரத் தொழில் அல்ல. விவசாயிகள், ஆசிரியர்கள், கடை நடத்துபவர்கள், ஓய்வுபெற்றவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். அரசு தரும் தனி அலுவலகமோ உதவியாளரோ இல்லாததால், இலைகள் சிவந்து உதிரும் செப்டம்பர், அக்டோபரில் தொகுதி மக்களுக்கு நிலவரம் சொல்லும் மடலையும் உறுப்பினரே எழுதுகிறார். முடிந்த கூட்டத்தொடரின் சட்டங்கள் ஊரில் எப்படிப் பலனளித்திருக்கின்றன என்பதைக் கேட்டறியவும் அவருக்குக் கிடைக்கும் காலம் இதுதான்.

2025 இலையுதிர்காலத்தில் கிராமப்புற உறுப்பினர்கள் பேசவேண்டியிருந்தவற்றில் தண்ணீரும் ஒன்று. 2023 ஜூலை 10, 11 தேதிகளில் பெய்த பெருமழை தலைநகர் மாண்ட்பீலியரையும் பக்கத்து ஊர் பேரியையும் மூழ்கடித்தது. சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதிகளில் மீண்டும் வெள்ளம். 2025 ஜூலை 10 அன்று மாநிலத்தின் வடகிழக்குச் சிற்றூர்களில் மூன்றாம் முறையாகச் சாலைகளும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. திரும்பத் திரும்ப மூழ்கும் வீடுகளை அரசுப் பணத்தில் வாங்கி இடித்துவிடும் திட்டம் உண்டு. வீட்டுக்காரருக்கு அது விடுதலை. ஊருக்கோ அந்த மனையிலிருந்து வந்த வரி போய்விடுகிறது, அந்த நிலத்தில் இனி எப்போதும் வீடு கட்டவும் முடியாது. சில நூறு குடும்பங்களே இருக்கும் ஊரில் பத்து வீடுகள் குறைந்தால் மற்றவர்களின் பங்கு ஏறும். 2024-இல் இயற்றப்பட்ட வெள்ளப் பாதுகாப்புச் சட்டம் ஆற்றோரக் கட்டுமானங்களை மாநில அனுமதியின் கீழ் கொண்டுவருகிறது. தேவையான சட்டம்தான். ஆனால் மலைகளுக்கிடையே ஆற்றை ஒட்டியே வளர்ந்த ஊர்களுக்கு வேறு சமநிலம் எங்கே என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை.

வெள்ளம் வடிந்த அதே ஆண்டு கோடையின் கடைசியில் கடும் வறட்சி. கிணறுகள் வற்றின. கறவை மாடு ஒன்று நாளுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பதால் பால் பண்ணைக்காரர்கள் லாரியில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1940-களில் 11,000-க்கு மேல் இருந்த பால் பண்ணைகள் இன்று சில நூறாகச் சுருங்கிவிட்டன. எஞ்சியவர்களுக்கு ஒரு மோசமான பருவமே தொழிலை விடப் போதுமான காரணம்.

இணைய வசதியில் நிலைமை நம்பிக்கை தருகிறது. தனியார் நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத மலைச்சாலைகளுக்கு, பல ஊர்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட தொலைத்தொடர்புக் கூட்டு மாவட்டங்கள் ஃபைபர் இழுத்து வருகின்றன. 2021-இல் தொடங்கிய மாநில வாரியம் அவற்றுக்கு நிதி தருகிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம் பள்ளி. 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம், பிள்ளையின் கல்வி அவர் வாழும் ஊரின் செல்வத்தைப் பொறுத்திருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதிலிருந்து எல்லாப் பள்ளிகளின் செலவையும் ஒரே மாநிலக் கல்வி நிதி ஏற்கிறது. எவ்வளவு செலவிடுவது என்பதை மட்டும் ஊர் மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். மாணவர் தலைக்கு ஆகும் செலவு கூடக்கூட அந்த ஊரின் வரி விகிதமும் கூடும். இதோடு இன்னொரு கணக்கு சேர்கிறது. ஊர்ப் பதிவேட்டில் உள்ள வீட்டு மதிப்பு சந்தை விலையைவிடப் பின்தங்கியிருந்தால், அதை ஈடுகட்ட விகிதம் உயர்த்தப்படும். 2020-க்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் வீடு வாங்க வந்து விலை பாய்ந்தது. பள்ளிச் செலவைக் கட்டுப்படுத்திய ஊர்களிலும் வரிச்சீட்டில் தொகை எகிறியது அதனால்தான். தாங்கள் வாக்களித்ததற்கும் தங்களுக்கு வந்த சீட்டுக்கும் தொடர்பே இல்லையே என்ற மக்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உறுப்பினர் பொறுமையாக விளக்கவேண்டிய இடமும் இதுவே.

2024 மார்ச்சில் மாநிலத்தின் பள்ளி பட்ஜெட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மக்கள் நிராகரித்தார்கள். அவ்வாண்டு கல்விக்கான சொத்துவரி சராசரியாக 13.8% உயர்ந்தது. அந்த வரியை நிர்ணயித்த மசோதாவை ஆளுநர் ஃபில் ஸ்காட் ஏற்க மறுத்தார். சட்டமன்றம் அவரது மறுப்பை மீறி நிறைவேற்றியது. நவம்பர் தேர்தலில் ஆளுநரின் மறுப்பை மீறத் தேவையான பலத்தை ஜனநாயகக் கட்சி இரு அவைகளிலும் இழந்தது.

இதன் விளைவுதான் 2025 ஜூலை 1 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட 73-ஆம் எண் சட்டம். 119 பள்ளி மாவட்டங்களை, தலா 4,000 முதல் 8,000 மாணவர்கள் கொண்ட பெரிய மாவட்டங்களாக மாற்றுவதும், மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலமே தொகையை நிர்ணயிப்பதும் அதன் நோக்கம். மாணவர் எண்ணிக்கை கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சரிந்துவரும் மாநிலத்தில் இந்த யோசனை எழுவது இயல்பே. ஆனால் பள்ளி மூடப்பட்டால் இளம் குடும்பங்கள் அந்த ஊருக்கு வருவதில்லை. மாநிலத்தில் உள்ள சாலைகளில் பாதிக்கு மேல் தார் காணாதவை. பனி உருகும் மார்ச், ஏப்ரலில் அவை சேறாகிவிடும். வரைபடத்தில் இருபது கிலோமீட்டர் என்று தெரியும் தூரம், ஆறு வயதுக் குழந்தைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரமாக நீளலாம். புதிய மாவட்டங்களின் வரைபடம் போடுபவர்கள் இதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதிகபட்சம் மூன்று மாவட்ட வரைபடங்களைத் தயாரிக்கும் வேலை ஒரு பணிக்குழுவிடம் விடப்பட்டது. இலையுதிர்காலம் முழுக்க மக்களின் கருத்தைக் கேட்ட அந்தக் குழு, நவம்பரில் வரைபடம் போடாமலேயே முடித்துக்கொண்டது. கட்டாய இணைப்புக்குப் பதிலாக, மாவட்டங்கள் விரும்பி இணைவதையும் சேவைகளை வட்டார அளவில் பகிர்ந்துகொள்வதையும் பரிந்துரைத்தது. ஆளுநர் இதைக் கண்டித்தார். புதிய மாவட்டங்கள் உருவாகாமல் புதிய நிதிமுறை நடைமுறைக்கு வர முடியாது என்பதால், முடிவெடுக்கும் பொறுப்பு 2026 ஜனவரியில் தொடங்கிய கூட்டத்தொடரின் சட்டமன்றத்திடமே திரும்பியது. சட்டத்தின் இன்னொரு பகுதி அதற்காகக் காத்திருக்கவில்லை. 2026 ஜூலையிலிருந்து முதல் வகுப்பில் சராசரியாகக் குறைந்தது 10 பிள்ளைகளும், உயர்நிலை வகுப்புகளில் 18 பேரும் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. மலைகளால் ஒதுங்கியிருக்கும் பள்ளிகள் விலக்குக் கோர அது இடமளித்தது.