உங்களுக்குத் தெரியுமா? தட்டையாகத் தெரியும் பலகையின் மறைந்த வளைவு

பேஸ் கிதாரின் விரல்பலகை நேரான பட்டைபோலத் தெரிந்தாலும், பெரும்பாலும் அது ஒரு பெரிய வட்டத்தின் சிறு வில். பழைய ஃபெண்டர் பேஸ்களில் அந்த வட்டத்தின் ஆரம் 7.25 அங்குலம். எண் கூடக் கூட வளைவு குறையும் என்பதுதான் புதியவர்களைக் குழப்பும்.

62 மி.மீ. அகலமுள்ள பலகையில் 7.25 அங்குல ஆரம் என்றால், நடுப்பகுதி ஓரங்களைவிடச் சுமார் 2.6 மி.மீ. உயர்ந்திருக்கும். 12 அங்குலமானால் 1.6 மி.மீ.தான். இந்த ஒரு மில்லிமீட்டருக்காகத்தான் குழிவான கட்டையில் உப்புத்தாள் ஒட்டி, கழுத்தின் நீளவாக்கில் பொறுமையாகத் தேய்க்கிறார்கள். அதற்குமுன் உள்ளே இருக்கும் இரும்புக்கம்பியைத் திருகிக் கழுத்தை நேராக்கிவிட வேண்டும். கோணலான கழுத்தைத் தேய்த்தால் கோணலும் பலகையில் பதிந்துவிடும். வளைவைக் கூட்டினால் இன்னொரு வேலை: ஓரங்களில் மரம் குறைவதால் ஃப்ரெட் எனும் குறுக்குக் கம்பிகள் பதியும் காடிகள் ஆழமிழக்கும், மறுபடி ரம்பம் போட வேண்டும்.

ஃப்ரெட்டே வேண்டாம் என்றவர்களும் உண்டு. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் புகழ்பெற்ற 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் காடிகளை நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசியிருந்தார்கள். சொரசொரப்பான உலோகத் தந்திகள் ரோஸ்வுட்டை அரித்துவிடாமல் காத்தது அந்தப் பூச்சுதான்.