குறைகேட்புப் பதிவு மென்பொருளைச் சொந்தச் சர்வரில் நிறுவுதல்

நாற்றங்காலில் விதை முளைக்கவில்லையென்று ஒரு குடியானவர் தமது சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்புவதாகக் கொள்வோம். கண்ணுற்ற குமாஸ்தா, மற்றொருவர் பதில் எழுதியிருப்பாரென்று எண்ணி விடுகிறார்; மற்றவரும் அவ்வாறே எண்ணுகிறார். பத்து நாள் சென்று விஷயம் வெளிப்படுங்கால் விதைப்புப் பருவம் தாண்டிவிடுகிறது. நஷ்டம் குடியானவரைச் சார்கிறது.

இக்கெடுதலைத் தடுக்கும் பொருட்டு ஏற்பட்டவையே குறைகேட்பு மென்பொருள்கள். வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் இலக்கமிட்டு, பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்புவித்து, முடிவுறும் வரையில் அதை நிலுவையாகக் காட்டுவது இவற்றின் வேலை. தபால் ரிஜிஸ்தரைப் பராமரித்தறிந்த கிராம அதிகாரிகளுக்கு இம்முறை புதிதன்று.

மென்பொருளைத் தெரிந்தெடுத்தல்

மூலநிரல் யாவருக்கும் திறந்துள்ள மென்பொருளைக் கொள்வது நலம். விதை நெல்லைத் தன் குதிரிலேயே வைத்திருப்பவர் வியாபாரியின் தயவை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. 2001-ம் ஆண்டில் தொடங்கிய ஓடிஆர்எஸ் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பை அதன் கம்பெனி 2020-ம் ஆண்டின் இறுதியோடு கைவிட்டது. எனினும், மூலநிரல் திறந்த உரிமத்தில் இருந்தமையால், பிறர் அதை எடுத்து ஸ்னூனி என்னும் பெயரால் தொடர்ந்து பேணி வருகின்றனர்.

சிறிய சங்கங்களுக்கு ஓஎஸ்டிக்கெட் என்பது ஏற்றது. இது பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் தன் பதிவுகளை வைக்கிறது. ஸாமட் என்பதும் நல்லதே; ஆயினும் அதன் தேடுதல் வசதிக்குத் தனியே எலாஸ்டிக்சர்ச் வேண்டியிருப்பதால் நினைவகம் மிகுதியாகத் தேவைப்படும்.

நிறுவும் முறை

லினக்ஸ் சர்வர் ஒன்றில் வலைச் சர்வர், பிஎச்பி, தரவுத்தளம் ஆகிய மூன்றையும் முதலில் அமைத்துக்கொள்ள வேண்டும். தரவுத்தளத்தில் இம்மென்பொருளுக்கென்றே ஒரு பயனரை ஏற்படுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தல் வேண்டும். பின்னர் மென்பொருளை வலைக் கோப்புறையில் விரித்து, அதிலுள்ள மாதிரி அமைப்புக் கோப்பை உரிய பெயரில் நகலெடுத்து, அதில் எழுதும் அனுமதியைத் தற்காலிகமாக அளிக்க வேண்டும். அதன்பின் உலாவியில் நிறுவற் பக்கத்தைத் திறந்து கேட்கும் விவரங்களை நிரப்பினால் வேலை முடியும்.

முடிந்தவுடன் செட்டப் கோப்புறையை அழித்து, அளித்த எழுதும் அனுமதியையும் திரும்பப் பெறுதல் அத்தியாவசியம். இவ்விரண்டையும் மறத்தல் களஞ்சியத்தைப் பூட்டாமற் போவதற்கு ஒப்பாகும். தளத்துக்குரிய பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாக வழங்குகிறது. அது குறுகிய காலமே செல்லுமாதலால் தானே புதுப்பித்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மின்னஞ்சல் ஏற்பாடு

சங்கத்தின் அஞ்சற்பெட்டியிலிருந்து கடிதங்களை ஐந்து நிமிஷத்துக்கொருமுறை எடுத்துக்கொள்ளுமாறு கிரான் என்னும் காலக்குறிப்பில் எழுதிவைக்கலாம். சங்கத்தின் பதில்கள் குப்பைப் பெட்டிக்குப் போகாதிருக்க, எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்னும் பதிவுகளை டொமைனில் சேர்க்க வேண்டும். வாடகைச் சர்வர்கள் பலவற்றில் 25-ம் இலக்க வாயில் அடைக்கப்பட்டிருக்கும். அப்பொழுது அஞ்சல் சேவையொன்றின் வழியாக 587-ம் வாயிலில் அனுப்பலாம்.

விதை, உரம், கடன், பாசனம் எனக் குறைகளை வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொறுப்பாளரையும் ஒரு தவணையையும் குறித்துவிட வேண்டும். தவணை தவறிய சீட்டுகள் தனியே தெரியும். நிர்வாகிகள் அவற்றைத் தினமும் பார்ப்பது அவசியம்.

பராமரிப்பு

கிணறு வெட்டியதோடு வேலை தீர்வதில்லை. தூர் வாராத கிணறு சில ஆண்டுகளில் பயனற்றுப் போகும். மென்பொருளுக்கு விலையில்லாவிடினும் உழைப்புக்கு விலையுண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவந்தவுடன் அவற்றை இடவேண்டும். தரவுத்தளத்தை இரவுதோறும் நகலெடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். அமைப்புக் கோப்பையும் உடன் காக்க வேண்டும். அதிலுள்ள இரகசியச் சொல் இழந்துபோனால், சேமித்து வைத்த அஞ்சற் கடவுச்சொற்களைத் திரும்ப வாசிக்க இயலாது. மூன்று மாதத்துக்கொருமுறை நகலை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்தல் நலம். முளைப்புத் திறன் சோதியாத விதையை நம்பி வயலை உழுவாருண்டோ?

ஆகவே, இப்பணிக்குப் பொறுப்பாக ஒருவரையும், அவர் இல்லாத நாளுக்கு மற்றொருவரையும் பெயர் குறித்து நியமித்த பின்னரே சங்கங்கள் இதைத் தொடங்குதல் வேண்டும். அத்தகையோர் கிடையாவிடின், பிறர் பராமரிக்கும் சேவையை வாடகைக்குப் பெறுவதே உத்தமம். ஆள் நியமிக்கும் தீர்மானத்தைச் சங்க நிர்வாகிகள் விதைப்புப் பருவத்துக்கு முன்னரே நிறைவேற்றி வைப்பார்களாக.