கண் மங்கலும் மனப் பழக்கமும்

கள்ளக்குறிச்சி வயல்களிலிருந்து காணும் கல்வராயன் மலை மங்கித் தோன்றுங்கால், முதியோர் பலர் அதை மூடுபனியென்றே எண்ணுகின்றனர்; தம் கண்ணில் குறையிருக்கலாமென்று கருதுவதில்லை. விழித்திரையில் விழும் பிம்பம் சிறிது சிறிதாகக் கெடும்பொழுது மூளை அதற்குப் பழகிவிடுகிறது. ஒரு கண்ணின் குறையை மறு கண்ணும் மறைத்துவிடுகிறது.

ஆகையால் அங்கத்தினர்கள் ஒவ்வொரு கண்ணாக மூடிச் சங்கத்தின் பெயர்ப்பலகையை வாசித்துப் பார்த்தல் நலம். எழுத்து மங்கினால், அட்டையில் ஊசியால் குத்திய சிறு துளை வழியே நோக்குக. சிதறிய கதிர்களைத் துளை தடுத்துவிடும். அதனால் தெளிவு கூடினால், குறை பெரும்பாலும் மூக்குக்கண்ணாடியால் தீரும். கூடாவிடில் கண்புரை முதலிய நோய் இருத்தல் கூடும்.

புரைக்கு அஞ்சவேண்டுவதில்லை. மங்கிய வில்லையை அகற்றிப் பொருத்தும் செயற்கை வில்லைகள் 1992 முதல் மதுரையிலேயே மலிவாகச் செய்யப்படுகின்றன. எவ்வாறாயினும் கண் வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். கடன் பத்திரத்தைத் தாமே வாசித்துக் கையொப்பமிடுபவர் ஏமாறார்.