வாதம் வந்து மாதங்கள் கழிந்தபின் தொடங்கும் நடுக்கம்

பிரஷர் கூடி, மூளையில் இரத்தம் கசிந்து விழுந்த ஒரு குடும்பத் தலைவரை எண்ணிப் பார்ப்போம். அவர் உயிர் தப்புகிறார். மெல்லத் தடியூன்றி நடக்கவும் தொடங்குகிறார். வீட்டில் நிம்மதி பிறக்கிறது. சில மாதங்கள் கழிய, கை நடுங்குகிறது, கண்கள் ஓரிடத்தில் நில்லாமல் மேலும் கீழும் துள்ளுகின்றன, பேச்சுக் குளறுகிறது. "திரும்பவும் வாதம்" என்று வீட்டார் கலங்குகின்றனர். "செய்வினை" என்கின்றனர் அயலவர். இரண்டுமே இல்லாதிருக்கலாம். முதல் கசிவின் தாமதித்த விளைவாகவே இது இருக்கக்கூடும். அரிதான நோயாயினும், இதை நாம் அறிந்திருப்பது நல்லது.

மூளையின் அடியில், முள்ளந்தண்டை நோக்கி இறங்கும் பகுதி மூளைத்தண்டு. அதன் இருபக்கமும் ஒலிவக் கனி போன்ற சிறு புடைப்பு உண்டு. அதனுள் இருக்கும் நரம்புக்கலங்களும், மூளைத்தண்டின் மேற்பகுதியும், சிறுமூளையும் நரம்புப் பாதைகளால் முக்கோணமாக இணைந்துள்ளன. நமது அசைவுகள் சீராக அமைய இவை உதவுகின்றன. 1931இல் பிரெஞ்சு வைத்தியர்களான கில்லேன், மொல்லாரே இருவரும் இந்த முக்கோணத்தை விளக்கினர்.

வாய்க்கால் உடைந்தால் கடைமடை வயல் காய்ந்துபோவதை நாம் அறிவோம். நரம்பும் பெரும்பாலும் அப்படித்தான். தொடர்பு அறுந்தால் சுருங்கும். ஒலிவமோ மாறாக முதலில் வீங்குகிறது. கட்டுப்படுத்தும் செய்தி வராததால் அதன் கலங்கள் தம்போக்கில் துடிக்கின்றன. அண்ணம் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு தடவை துடிப்பதும் உண்டு. ஆண்டுகள் செல்ல வீக்கம் வற்றி, அவ்விடம் சுருங்கிவிடும். நடுக்கம் மட்டும் நீடிக்கலாம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் இவ்வீக்கம் கட்டிபோலத் தோன்றலாம். பழைய கசிவின் விபரம் தெரிந்தால் வைத்தியர் இலகுவில் இனங்காண்பார். ஆகவே, இடம்விட்டு இடம் பெயரும்போது காணி உறுதியுடன் கிளினிக் கொப்பியையும் ஸ்கான் படங்களையும் ஒரே பையில் பத்திரப்படுத்துவோம். புதிய ஊரின் வைத்தியருக்கு அவையே சாட்சி.

பழுதான பாதையைத் திருத்த மருந்து இல்லை. எனினும் கண் துள்ளலையும் நடுக்கத்தையும் குறைக்கும் மருந்துகள் சிலருக்குப் பயன் தருகின்றன. உடற்பயிற்சிச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் கைகொடுக்கும். புரைக்கேறினால் நிமிர்ந்திருந்து சிறிது சிறிதாக உண்ணக் கொடுப்போம். கிணற்றடிக்குத் தனியே விடாதிருப்போம்.

ஒன்றை மறக்கலாகாது. இந்நடுக்கம் மெல்ல மெல்ல வருவது. திடீரென முகம் கோணினாலோ, கைகால் சோர்ந்தாலோ, பேச்சு நின்றாலோ அது புதிய வாதமாக இருக்கலாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் வைத்தியசாலை செல்ல வேண்டும்.

மூளைத்தண்டில் இரத்தம் கசிவதற்கு முக்கிய காரணம் கட்டுப்படாத பிரஷர். பிறவியிலேயே பழுதான இரத்தக்குழாய் முடிச்சுகளும் சிலருக்குக் காரணமாகலாம். முடிச்சை நாம் தடுக்க முடியாது. பிரஷரைக் கட்டுப்படுத்த முடியும். உப்பைக் குறைப்போம். சுகமாக இருக்கிறது என்று குளிசையை நிறுத்தாதிருப்போம். நடுங்கும் கையைக் கண்டு ஒதுங்காமல், அதைப் பற்றிக்கொண்டு நடப்போம்.