எந்த மரத்துப் புல்லுருவி?

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரத்தைப் பார்த்துத்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர் வந்தது. கோயிலில் கும்பிட்டுவிட்டு அந்த வழியே சைனாடவுனுக்குள் நடந்தால் சீன மருந்துக் கடைகளின் வாசனை வந்து மோதும். அப்படியொரு கடையில் பெரியவர் ஒருவர் இழுப்பறையைத் திறந்து, காய்ந்த இலைகளோடு கலந்த செம்பழுப்புக் குச்சித் துண்டுகளை நிறுத்துக் காகிதத்தில் மடிப்பதைப் பார்த்தேன். சாங் ஜி ஷெங் என்றார். பெயரைப் பிரித்தால் 'முசுக்கட்டையில் ஒண்டி வாழ்வது' என்று பொருள். முசுக்கட்டை என்றால் மல்பெரி. ஒண்டி வாழ்வது வேறொன்றுமில்லை, நம் ஊர்ப் புல்லுருவியின் உறவுதான். யாழ்ப்பாணத்தார் குருவிச்சை என்பார்கள்.

தமிழில் ஒருவரைப் புல்லுருவி என்றால் அதற்குமேல் வசை வேண்டாம். சீனர்களோ அந்த ஒண்டுக்குடித்தனத்தையே மருந்தின் பெயராக்கிவிட்டார்கள். அதோடு வீட்டுக்கார மரத்தின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். புல்லுருவியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அந்தப் பெயருக்குள் இருக்கிறது: எந்த மரத்துப் புல்லுருவி?

செடியைப் பார்க்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களை அண்ணாந்து பாருங்கள். மர இலைகளுக்கு நடுவே வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் ஒரு புதர் தொங்கும். பெரும்பாலும் அது டென்ட்ரோப்தோ பென்டாண்ட்ரா என்ற இனம். அதைக் கொண்டுவந்து ஒட்டியது கட்டைவிரல் அளவேயான பூங்கொத்திக் குருவி. முதுகில் உச்சி முதல் வால் வரை சிவப்புப் பட்டை ஓடும் ஆண் குருவியை வீவக அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடையிலும் பார்க்கலாம். அது பழத்தை விழுங்கும். சில நிமிடங்களில் விதை வெளியே வரும், ஆனால் கீழே விழாது. பசை இழையில் குருவியின் பின்புறத்திலேயே தொங்கும். குருவி கிளையில் தேய்த்துத் துடைத்துக்கொள்ளும். விதை ஒட்டிக்கொள்ளும்.

விதைக்குள் இருக்கும் கருவே பச்சை நிறம். மண்ணில்லாமல், மழைக்கும் காத்திராமல் முளைத்து, நுனியைக் கிளையின் பட்டைமீது அழுத்தும். அங்கிருந்து உறிஞ்சு வேர் மரத்துக்குள் இறங்கி, நீரும் தாதுக்களும் போகும் சைலம் குழாயைத் தொடும். இந்த இனம் பட்டையின் மேலேயே கொடிபோல் ஓடி, இன்னும் பல இடங்களில் உள்ளே இறங்கவும் செய்யும். ஆனால் முழுத் திருடன் என்று சொல்லக் கூடாது. தன் இலையில் தானே ஒளிச்சேர்க்கை செய்து மாவுச்சத்தைச் சமைத்துக்கொள்கிறது. தாவரவியலில் இதற்கு அரை ஒட்டுண்ணி என்று பெயர். மரத்தைவிட அதிகமாக நீராவிப்போக்கு நடத்துவதுதான் அதன் உத்தி. இலையிலிருந்து நீர் வேகமாக வெளியேற, மரத்தின் சாறு அதன் பக்கம் இழுபடும். வறட்சியில் கிளை காய்வதும் இதனால்தான்.

அந்தச் சாற்றில் வருவது வெறும் தண்ணீர் இல்லை. மரத்தில் நஞ்சு இருந்தால் அதுவும் சேர்ந்தே வரலாம். 1830களில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஓ'ஷாக்னெஸி, கட்டாக் பகுதி எட்டி மரத்துப் புல்லுருவியைச் சோதித்தார். எட்டிக்கொட்டையிலுள்ள ஸ்டிரிக்னைன், புரூசின் இரண்டுமே அதிலும் இருந்தன. நம் நாட்டு வைத்தியர்கள் வெறுமனே புல்லுருவி என்று கேட்காமல், புளியம் புல்லுருவி, எட்டிப் புல்லுருவி என்று மரத்தைச் சேர்த்தே கேட்பதை இதைப் படித்த பிறகு நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். இந்தோனேசியாவிலும் பெனாலு தே என்பது தேயிலைச் செடியில் வளர்ந்த புல்லுருவிதான். சீனத்தின் இன்றைய மருந்து நூல் ஒரு படி மேலே போகிறது. சாங் ஜி ஷெங்கில் இதயத்தைப் பாதிக்கும் கிளைக்கோசைடுகள் இருக்கின்றனவா என்று சோதிக்கச் சொல்கிறது. காரணம், அதே செடி அரளியிலும் வளரும். பெயர் முசுக்கட்டையைச் சொன்னாலும் சந்தைக்கு வருவது பல மரங்களிலிருந்து. காய்ந்த துண்டைக் கண்ணால் பார்த்து எது அரளியில் வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மருந்தாகப் புல்லுருவி என்ன செய்கிறது? சீன மரபில் இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் கொடுக்கிறார்கள், கருத் தங்கவும் கொடுக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற மருத்துவர் எழுதிய டூஹுவோ ஜிஷெங் கஷாயத்தின் பெயரிலேயே புல்லுருவி இருக்கிறது. கன்டோனியர்கள் தாமரை விதையும் அவித்த முட்டையும் போட்டு இனிப்புத் தேநீராகவும் குடிக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் குவெர்சிட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள் கிடைத்திருக்கின்றன. எலிகளிலும் தனி உயிரணுக்களிலும் நல்ல அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன. ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை நீளமானது, அதற்கு ஐரோப்பாவே சாட்சி.

அங்கே விஸ்கம் ஆல்பம் என்ற புல்லுருவியின் சாற்றைப் புற்றுநோயாளிகளுக்கு ஊசியாகப் போடும் பழக்கத்தை 1917 வாக்கில் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனரும் மருத்துவர் இட்டா வேக்மனும் தொடங்கினார்கள். அந்த ஊசிகளும் ஆப்பிள், ஓக், பைன் என்று மர வாரியாகவே விற்கின்றன. அதிலுள்ள லெக்டின் புரதம் உயிரணுவின் புரத உற்பத்தியை நிறுத்தக்கூடியது, ஆமணக்கு நஞ்சான ரிசினுக்கு நெருங்கிய சொந்தம். செர்பியாவில் முற்றிய கணையப் புற்றுநோயாளிகள் 220 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, ஊசி போட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகச் சொன்னது. ஆனால் யாருக்கு மருந்து கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. பிறகு சுவீடனில் 290 பேரிடம், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஊசி என்று மறைத்துச் செய்து பார்த்தார்கள். ஆயுளிலும் வித்தியாசமில்லை, வாழ்க்கைத் தரத்திலும் இல்லை. அந்த முடிவைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. நம்பி ஊசி போட்டுக்கொண்டவர்களின் முகங்கள் நினைவில் வராமல் எப்படிப் படிப்பது? ஆனாலும் புற்றுநோய்க்கு இது போதும் என்று சிகிச்சையைக் கைவிடுபவர்களைத் தடுக்க இந்த ஆய்வு அவசியம். கருவுற்ற பெண்களும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் புல்லுருவிக் கஷாயம் குடித்தால் தங்கள் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

மருந்தாகத் தோற்ற இடத்தில்கூடச் செடியின் மதிப்பு குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் சூழலியலாளர் டேவிட் வாட்சன் சில காடுகளிலிருந்து புல்லுருவிகளை முழுக்க வெட்டி எடுத்துப் பார்த்தார். மூன்றாண்டுகளில் அந்தக் காடுகளின் பறவை இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று காணாமல் போனது. சிங்கப்பூரிலும் மஞ்சளும் சிவப்பும் தீட்டிய ஜெசபெல் வண்ணத்துப்பூச்சி முட்டையிடுவது நம் தூங்குமூஞ்சி மரத்துப் புல்லுருவியில்தான். அதன் புழுக்களுக்கு இந்தச் செடியின் இலைதான் சோறு.

பூங்கொத்தி எல்லா நேரமும் மரத்தில்தான் துடைக்கும் என்றில்லை. கம்பியிலும் குழாயிலும் துடைத்துவிட்டுப் போகும். அங்கேயும் விதை முளைக்கும். பச்சை நுனி வளைந்து வளைந்து உள்ளே இறங்க இடம் தேடும். சில நாளில் காய்ந்து உதிரும்.