சுண்ணாம்புக்கல்லில் பதிந்த பழங்கடல்

இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில், வயதால் பெரிதும் வேறுபட்ட இருவகைப் பாறைகள் அயலயலாகக் கிடக்கின்றன. உள்நாட்டுப் புறத்தில் உள்ள வன்னித் தொகுதிப் பாறைகள், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி மீளப் படிகமானவை ஆதலால், உயிர்ச்சுவடுகளை, அதாவது கல்லில் எஞ்சிய பழைய உயிர்களின் எச்சங்களை, அவற்றில் தேடிப் பயனில்லை. வடக்கே யாழ்ப்பாணம் வரை பரந்த சுண்ணாம்புக்கல்லோ, ஏறத்தாழ 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்ற மயோசீன் காலத்தில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடியில் படிந்தது.

இக்காலக் கணிப்புக்கு ஆதாரம் அக்கல்லில் உள்ள பவளங்களும் சிப்பிகளும், சிறப்பாக, குறிப்பிட்ட காலங்களில் மட்டும் வாழ்ந்து மறைந்த இனங்களைக் கொண்ட, ஃபொராமினிஃபெரா எனப்படும் ஓடுடைய நுண்ணுயிர்களுமே ஆகும். வேலண்ட், டேவிஸ் ஆகிய இருவரும் இலங்கையின் மயோசீன் படைகளைப் பற்றி 1923இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானது.

குலையாத படைகளில் கீழுள்ளது மூத்தது என்பது நிலவியலின் முதல் விதி. எனினும் அவ்விதிப்படி வரிசைப்படுத்துவதற்கு, இவ்விருவகைப் பாறைகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தின் பெரும்பகுதிக்கு இங்கே நிலமேற்பரப்பில் பாறைப்பதிவே இல்லை. அவ்விடைவெளியில் ஒரு சிறு பகுதியையேனும், புத்தளத்தை அடுத்த தப்போவவில் கிடைத்துள்ள ஜுராசிக் காலத் தாவரச் சுவடுகள் நிரப்புகின்றன என்பது பெரும் பேறு.