டிராக்டருக்கு எந்த ஆயில்? மாறிவரும் ஆயில் சந்தை



டீசல் விலை ஒரு ரூபாய் ஏறினால் அன்று முழுக்க டீக்கடையில் அதுதான் பேச்சு. அதே டிராக்டருக்கு ஊத்துகிற எஞ்சின் ஆயிலைப் பற்றி யாரும் அப்படிப் பேசுவதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார், மெக்கானிக் ஊத்துகிறார், நாம் பணம் கொடுக்கிறோம். ஆயில்தானே, எல்லாம் ஒண்ணுதான் என்கிற எண்ணம். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த எண்ணத்தில் பெரிய தப்பு இல்லை. இப்போது அப்படி இருந்தால், எஞ்சினை இறக்கி போர் வேலை பார்க்க வேண்டி வரும்.

முதலில் சந்தை எப்படி மாறியது என்று பார்ப்போம். அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்தபடியாக மசகு எண்ணெய் அதிகம் செலவாகிற நாடு இந்தியா. 1990-க்கு முன்னால் இந்த வியாபாரத்தில் பெரும்பகுதி அரசாங்க எண்ணெய்க் கம்பெனிகளிடம் இருந்தது. இந்தியன் ஆயிலின் 'சர்வோ' 1972-ல் வந்தது. பெட்ரோல் பங்கில் டீசல் போடும்போதே ஆயிலும் வாங்கி வருவோம். பேரலிலிருந்து அளந்து ஊத்திக் கொடுத்ததை வயதில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். 1990-களின் தொடக்கத்தில் அரசாங்கம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. மூல எண்ணெயை யாரும் இறக்குமதி செய்யலாம், விலையையும் அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கின. விற்பனையும் பங்கிலிருந்து நகர்ந்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும், மெக்கானிக் ஷெட்டுக்கும், டிராக்டர் ஷோரூமுக்கும் வந்து சேர்ந்தது.

மூல எண்ணெய் என்று சொன்னேன். டப்பாவில் இருக்கிற ஆயிலில் பெரும்பங்கு அதுதான். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சென்னை மணலி ஆலையிலும் எடுக்கிறார்கள். ஆனாலும் நாட்டுத் தேவைக்கு உள்ளூர் உற்பத்தி போதாமல், பெருமளவு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. டாலர் ஏறினால் ஆயில் டப்பா விலையும் ஏறுவதற்குக் காரணம் இதுதான். டீசல் இன்றைக்கும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. ஆயில் 2017-லேயே வந்துவிட்டது, வரி 18 சதவீதம். வாங்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இந்த மூல எண்ணெயோடு பல ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். ஒன்று இரும்போடு இரும்பு உரசாமல் காக்கும். ஒன்று அமிலத்தை முறிக்கும். இன்னொன்று கரியை ஒரே இடத்தில் படியவிடாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்கும். ஆயில் போட்டு நாலு நாளிலேயே கறுத்துப்போச்சு, சரக்கு மட்டம் என்று சிலர் குறை சொல்வார்கள். அது மட்டமான சரக்கு இல்லை. கரியை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை மணி ஓடியும் கறுக்கவே இல்லையென்றால்தான், கரி எங்கே போய் உட்கார்ந்தது என்று கவலைப்பட வேண்டும்.

சரி, எஞ்சினில் என்ன மாறியது? இங்கேதான் விஷயமே இருக்கிறது. நாம் வாங்குகிற டீசலில் கந்தகம் உண்டு. அது எரியும்போது அமிலமாகி ஆயிலில் இறங்கும். 1990-களின் நடுப்பகுதி வரை நம் நாட்டு டீசலில் கந்தகம் ஒரு சதவீதம் வரை இருக்கலாம் என்று அனுமதி இருந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கிற பி.எஸ்.6 டீசலில் பத்து லட்சம் பங்குக்குப் பத்து பங்குதான். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பங்கில் தனியாக டிராக்டர் டீசல் என்று ஒன்று கிடையாது. உங்கள் பழைய டிராக்டரும் இந்தச் சுத்தமான டீசலைத்தான் குடிக்கிறது. அமிலம் குறைந்ததால் ஆயிலின் ஆயுசு கூடியது. மூல எண்ணெயையும் இப்போது இன்னும் நன்றாகச் சுத்தம் செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்து, ஆயில் மாற்றுகிற இடைவெளி நீண்டுகொண்டே போகிறது. ஒரு காலத்தில் லாரிக்கு 18 ஆயிரம் கிலோமீட்டர் என்றாலே பெரிசு. இன்றைக்கு நெடுந்தூரம் ஓடுகிற பெரிய லாரிகளுக்கு 80 ஆயிரம் கிலோமீட்டர், அதற்கு மேலும் சொல்கிறார்கள். டிராக்டரில் 250 மணிக்கு ஒரு தடவை என்பது பழைய கணக்கு. சில புது மாடல்களுக்கு 400, 500 மணி என்று புத்தகத்தில் போட்டிருக்கும்.

ஆகவே கம்பெனிகளின் வியாபாரமும் திரும்பியிருக்கிறது. வண்டி பெருகுகிற வேகத்துக்கு ஆயில் செலவாவதில்லை. போதாக்குறைக்கு மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டது. 2024-25 நிதியாண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்கு எஞ்சின் ஆயிலே வேண்டாம். அளவில் விற்க முடியாததை விலையில் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். செயற்கை ஆயில், பாதி செயற்கை ஆயில் என்று விலை கூடின சரக்குக்கு இத்தனை விளம்பரம் வருவது அதனால்தான். விளம்பரம் பொய் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அது தேவையா என்பதுதான் கேள்வி.

கிணற்றடியில் இருபத்தைந்து வருஷமாக ஓடுகிற மெதுவேக டீசல் பம்பு எஞ்சினுக்கு விலை கூடின செயற்கை ஆயில் ஊத்துவது வீண்செலவு. அது கேட்பது சாதாரண ஆயில், நேரத்துக்கு மாற்றுகிற கை, அவ்வளவுதான். புது டிராக்டர் கதை வேறு. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாட்டின் அடுத்த கட்டம் 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. பி.எஸ்.6 சரக்கு வண்டிகளிலும், இப்படிப்பட்ட சில டிராக்டர்களிலும் புகைக்குழாயில் கரி வடிகட்டி வைத்திருக்கிறார்கள். சாதாரண ஆயில் எரிந்தால் வருகிற சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்துவிடும். அதற்கென்று சாம்பல் குறைந்த ஆயில் இருக்கிறது. லிட்டருக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், வடிகட்டிக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டாம்.

டப்பாவில் என்ன பார்க்க வேண்டும்? படத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என்று இருப்பது கெட்டித்தன்மை. முதல் எண் குளிர்ந்த எஞ்சினில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் சூடான பிறகு எப்படி நிற்கும் என்பதற்கு. ஆயில் தேன் மாதிரி கெட்டியாக இருந்தால்தான் நல்லது என்று நம்மில் பலருக்கு நம்பிக்கை. காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே, ஆயில் மேலே ஏறுவதற்கு முந்தின அந்தச் சில விநாடிகளில் தேய்மானம் அதிகம். கெட்டி ஆயில் மெதுவாக ஏறும். அதனால்தான் எஞ்சின் செய்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கமான ஆயிலுக்கு மாறி வருகிறார்கள். டீசலும் சற்றுக் குறையும்.

அடுத்தது ஏ.பி.ஐ. என்று போட்டு, சி.எப்.-4, சி.எச்.-4, சி.ஐ.-4, சி.கே.-4 என்று எழுதியிருக்கும். 'சி' என்றால் டீசல் எஞ்சினுக்கு. அதற்கு அடுத்த எழுத்து பின்னால் போகப்போக புதிய தரம். பின்னால் வந்த தரத்தைப் பழைய எஞ்சினுக்குப் பெரும்பாலும் ஊத்தலாம். பழைய தரத்தைப் புது எஞ்சினுக்கு ஊத்தவே கூடாது. டிராக்டரோடு கொடுத்த புத்தகத்தில் உங்கள் வண்டிக்கு எது என்று போட்டிருக்கும். புத்தகம் பரண் மேல் கிடந்தால் இன்றைக்கே இறக்குங்கள். டிராக்டருக்கு வாங்கினதில் மிச்சத்தை மோட்டார் சைக்கிளுக்கு ஊத்துவதும் சரியில்லை. அதில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஓடுகிறது. ஆயில் பொருந்தாவிட்டால் வழுக்கும்.

கியர் பெட்டியையும் மறக்கக் கூடாது. இப்போது வருகிற டிராக்டர்களில் பெரும்பாலும், 'ஆயில் பிரேக்' என்று நாம் சொல்கிற, எண்ணெய்க்குள்ளேயே முங்கியிருக்கிற பிரேக்தான். கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். அதில் பழைய வழக்கப்படி 90 நம்பர் கியர் ஆயிலை ஊத்தினால் பிரேக் கிறீச்சிடும், பிடிக்காது, கலப்பை மெதுவாகத் தூக்கும். தொழி உழவுக்குப் போகிற வண்டியென்றால், சீசன் முடிந்ததும் கியர் பெட்டி ஆயிலைப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, அதை உடனே மாற்றியாக வேண்டும்.

இனி விலைக்கணக்கு. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எட்டு லிட்டர் பிடிக்கிற டிராக்டர். லிட்டர் 300 ரூபாய் ஆயிலை 250 மணிக்கு மாற்றினால் 2,400 ரூபாய். மணிக்கு ஒன்பது ரூபாய் அறுபது காசு. லிட்டர் 400 ரூபாய் ஆயிலை 400 மணிக்கு மாற்றினால் 3,200 ரூபாய். மணிக்கு எட்டு ரூபாய். விலை கூடினதுதான் மலிவு! ஆனால் உங்கள் டிராக்டர் புத்தகம் 400 மணி என்று சொல்லியிருந்தால் மட்டும். புத்தகம் 250 என்று சொன்னால் எந்த ஆயிலானாலும் 250-தான். புழுதியில் ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர்கள் அதற்கும் முன்னாலேயே மாற்றலாம். மேலே சொன்ன இரண்டு கணக்கிலும் மணிக்குப் பத்து ரூபாய்க்குள். டீசலுக்கு அதே ஒரு மணிக்கு நாம் கொடுப்பது முந்நூறு ரூபாய்க்கு மேல்.

கம்பெனி ஆயில் விலை ஏற ஏறப் போலிக்காரனுக்கும் லாபம் ஏறுகிறது. கழிவு ஆயிலை வடிகட்டி, சாயம் போட்டு, நல்ல கம்பெனியின் காலி டப்பாவில் அடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பில் கேட்கச் சொன்னது இதற்காகத்தான். பில் இல்லாமல் ஐம்பது ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால், அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். ஆயிலை ஊத்தின பிறகு காலி டப்பாவை ஒரு குத்துக் குத்தி ஓட்டை போட்டுவிடுங்கள். முழு டப்பாவாகப் பழைய வியாபாரிக்குப் போட்டால் அதுவே திரும்பி வரலாம். இன்னொரு சங்கதி: சில டப்பாக்களில் மெக்கானிக்குகளுக்குப் பரிசுக் கூப்பன் வைக்கிறார்கள். மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள், புத்தகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றின ஆயிலை என்ன செய்வது? வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டவே கூடாது. ஒரு லிட்டர் கழிவு ஆயில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். மாட்டுப் புண்ணுக்குப் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் தேய்ந்த உலோகமும் நஞ்சும் இருக்கிறது, மாடு நக்கும். 2024 ஏப்ரல் முதல் ஆயில் விற்கிற கம்பெனிகளுக்கு, கழிவு ஆயிலை மறுபடி சுத்தம் செய்கிற பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் சிறு பங்குதான், வருஷா வருஷம் கூடும். அதனால் கழிவு ஆயிலுக்குச் சந்தையில் மதிப்பு வருகிறது. தண்ணீர் சேராமல் ஒரு கேனில் மூடி வையுங்கள், உரிமம் பெற்ற வியாபாரி வந்தால் காசுக்கே எடுத்துக்கொள்வார்.